அந்த ஹேர் ட்ரையர் யாருடையது?

கர்ட்: ஒரு நிமிஷம் அம்மா... படுக்கைக்கு ரெண்டு பக்கமும் பிளக் பாயிண்ட் கேக்கறியே, எதுக்கு?

லோர்னா: ஒரு பக்கம் போன் சார்ஜ் போட.

கர்ட்: இன்னொரு பக்கம்?

லோர்னா: அந்தப் பக்கம் சார்ஜ் ஏறலேன்னா இந்தப் பக்கம் போட்டுப் பாக்க.

டெல்மர்: நல்ல யோசனை கர்ட். முன்ஜாக்கிரதை.

கர்ட்: சார், நீங்க கொஞ்சம் இருங்க. ஆமா, நீங்க வந்ததுலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன்... எங்க அம்மா என் கடையில காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெய்லர் வீடு வாங்கறதுக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?

டெல்மர்: எலெக்ட்ரிக் சமாசாரம் எல்லாம் பாத்துச் சொல்ல. உங்க அம்மா, மிஸஸ் ஹாக்ஸ்ட்ராதான் துணைக்குக் கூப்பிட்டாங்க.

கர்ட்: ஸ்கூல்ல நீங்க எங்களுக்கு ட்ராம்போன் ஊதச் சொல்லிக் குடுத்தீங்க.

டெல்மர்: அதனால?

கர்ட்: ட்ராம்போனுக்குக் கரண்ட் கிடையாது சார்.

லோர்னா: வயசானவரைக் கிண்டல் பண்ணாதேடா! கடை வெச்சிருக்கேங்கறதுக்காக உனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியுமா? நம்ம ஊரு எல்கார்ட்ல கல்லை விட்டெறிஞ்சா டிரெய்லர் செய்யறவன் தலையிலதான் விழும்.

டெல்மர்: யாரு வயசானவரு?

லோர்னா: உங்களைச் சொல்லல மிஸ்டர் ப்ரீஸ். பொதுவா சொன்னேன்.

கர்ட்: அம்மா, இங்க பாரு. இது விளையாட்டு இல்ல. பேக்டரிக்காரங்க விடியறதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சு மதியம் வீட்டுக்குப் போயிடறவங்க. அவங்க கிளம்பறதுக்குள்ள நான் போன் பண்ணினாத்தான் உன் வண்டி பனி விழறதுக்கு முன்னாடி வரும். எனக்குத் திருப்தி ஆனாத்தான் நான் போனை எடுப்பேன்.

லோர்னா: உனக்கு என்னடா திருப்தி? போறது நான்.

கர்ட்: அதான் பயமே! அறுபத்தொம்பது வயசு. தனியா டிரெய்லரை இழுத்துக்கிட்டு அரிசோனா வரைக்கும் போறேங்கறே. குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்துல. நடுராத்திரி மயக்கம் போட்டு விழுந்தா உன்னை எழுப்பறதுக்குக் கூட ஆள் கிடையாது.

டெல்மர்: அது ஒண்ணும்...

லோர்னா: மிஸ்டர் ப்ரீஸ்!

டெல்மர்: ...அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்லன்னு சொல்ல வந்தேன்.

கர்ட்: பாத்தியா? சாரே சொல்றாரு. தனியா இருக்க உனக்கு எது எது தேவை, எல்லாம் சரியா வேலை செய்யுமா... எனக்குத் தெரிஞ்சாகணும். கட்டில் எப்படி வேணும்? பெரிய கட்டில் ஒண்ணா, சின்னது ரெண்டா?

லோர்னா: சின்னது ரெண்டு.

டெல்மர்: பெரிசு.

கர்ட்: பெரிசா சார்?

டெல்மர்: வந்து... வயரிங் சுலபம். அந்தக் கோணத்துல சொன்னேன்.

கர்ட்: கட்டிலுக்கு என்ன சார் வயரிங்?

லோர்னா: அடுத்ததுக்குப் போடா!

கர்ட்: சரி. முப்பது ஆம்ப் லைனா, ஐம்பதா? சார், நீங்கதான எக்ஸ்பர்ட்டு, சொல்லுங்க.

டெல்மர்: எப்பவுமே நடுவுல போறது நல்லது. நாற்பது.

கர்ட்: நாற்பதுன்னு ஒண்ணு இல்ல சார்.

டெல்மர்: இருக்கணும். அதைத்தான் சொல்றேன்.

கர்ட்: உங்க பாஷையிலேயே சொல்றேன். ஸ்கூல் பேண்டுல இருக்கற அத்தனை ட்ராம்போனும் ஒரே நேரத்துல முழு மூச்சோட ஊதினா என்ன ஆகும்?

டெல்மர்: கூரை போயிடும். ஒரு தடவை போகவும் பாத்துச்சு. நீயும் இருந்தே.

கர்ட்: முப்பது ஆம்ப்பும் அதேதான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிச்சா பிரச்சனை இல்ல. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா டப்புனு பிரேக்கர் ட்ரிப் ஆயிடும். ஒரே ஆளுக்கு முப்பது தாராளம்.

லோர்னா: ஐம்பதே போடு.

கர்ட்: ஏன்?

லோர்னா: எனக்கு... எல்லாத்தையும் ஒண்ணா வாசிக்கப் பிடிக்கும்.

டெல்மர்: கூரை மேல சோலார் தகடும் போட்டுடு கர்ட். ஏசி ராத்திரி பூரா அதுலயே ஓடும்.

கர்ட்: ராத்திரியா சார்?

டெல்மர்: ஆமா.

கர்ட்: சூரியன்?

டெல்மர்: ...அரிசோனால கொஞ்சம் லேட்டாத்தான் அஸ்தமிக்கும்.

லோர்னா: அய்யோ, சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது... பேட்டரியும் போடச் சொல்லுங்க!

கர்ட்: பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார். ஆச்சு. வெளிக் கூடாரத்துக்கு விளக்கு வரிசை?

லோர்னா: கலர் மாறுமே, அதுதான் வேணும்!

கர்ட்: கரண்ட்ல எரியற கணப்பு? இதோ, நாம நிக்கற இந்த சாம்பிள் வண்டியில இருக்கே, அது.

லோர்னா: கட்டாயம்!

கர்ட்: வாசல்ல நடற பேர்ப் பலகைக்குச் சின்னதா ஒரு விளக்கு?

லோர்னா: ...பலகை வேண்டாம்.

கர்ட்: வேண்டாமா? எந்த கேம்ப்ல போய் நிறுத்தினாலும் ‘ஹாக்ஸ்ட்ரா குடும்பம்’னு பலகையை நட்ட பிறகுதானம்மா நீ காபியே போடுவே! அப்பா சுத்தியலைத் தேடறதுக்குள்ள செருப்பாலயே அடிச்சு நட்டுடுவியே...

லோர்னா: அது அப்ப. இப்ப பலகை பத்திப் பேச வேண்டாம். அடுத்து என்ன?

கர்ட்: அடுத்தது சோதனை. வீட்டுலேர்ந்து நீ தினமும் உபயோகிக்கற சாமானை எடுத்துட்டு வரச் சொன்னேனே, அந்தப் பை எங்க? ம்... கெட்டில். சரி. எலெக்ட்ரிக் கம்பளி. சரி... இதுல என்ன ரெண்டு திருகற குமிழ்?

லோர்னா: ஒண்ணு இடது பக்கச் சூட்டுக்கு, ஒண்ணு வலது பக்கத்துக்கு.

கர்ட்: இடது பக்கம் கடைசிக்குத் திருகி வெச்சிருக்கு. வலது பக்கம் ஆப்.

லோர்னா: எனக்கு இடது பக்கம் குளிரும். வலது பக்கம் வேர்க்கும்.

கர்ட்: டாக்டர்கிட்ட காட்டினியா?

லோர்னா: சாதாரணம்தானாம்.

கர்ட்: இது... குறட்டை வராம இருக்க மூக்குல மாட்டிக்கற மெஷின்.

டெல்மர்: அது என்னோடது! ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு... போற வழியில... அப்படியே பைக்குள்ள...

கர்ட்: எங்க அம்மா கம்பளிக்குள்ள சுத்தி வெச்சிருக்கு.

டெல்மர்: உடையாம இருக்க.

கர்ட்: ம். இது ஹேர் ட்ரையர். அம்மா, உன் தலைமுடி என் விரல் நீளம் கூட இல்ல. துண்டால ரெண்டு தட்டுத் தட்டினா காஞ்சுடும். சின்ன வயசுலேர்ந்து நீ ட்ரையர் பிடிச்சு நான் பாத்ததே இல்ல.

லோர்னா: வளர்க்கப் போறேன்.

கர்ட்: சாருக்குத்தான் நல்ல வெள்ளி முடி. அலை அலையா...

டெல்மர்: நன்றி கர்ட். அது தானா அமையறது.

கர்ட்: சரி, ரெண்டு பேரும் கேளுங்க. இந்த சாம்பிள் வண்டியில முப்பது ஆம்ப்தான் குடுத்திருக்கேன். அம்மா, இப்ப அரிசோனால காலை நேரம்னு வெச்சுக்க. நீ தனியா எழுந்திருக்கே. என்ன செய்வியோ செஞ்சு காட்டு. முப்பது போதுமான்னு பாத்துடலாம்.

லோர்னா: நடிச்சுக் காட்டவா? அய்யோ! ஸ்கூல் நாடகத்துல ஆப்பிள் மரமா நின்னதோட சரி... சரி! எழுந்துட்டேன். ஆவ்வ்... குளுருது. கணப்பைப் போடறேன்.

கர்ட்: ரொம்ப நல்லா நடிக்கறே.

லோர்னா: காபிக்குக் கெட்டிலைப் போடறேன். ஜன்னலைப் பாக்கறேன். வெளியில கள்ளிச்செடி. ‘குட் மார்னிங், கள்ளிச்செடி!’

கர்ட்: அது பக்கத்து வண்டி விக்கற என் ஆளு. பாவம், கை ஆட்டறான்.

லோர்னா: ரெண்டு கப்பை எடுத்து... ஒரு கப்பை எடுத்து வைக்கறேன். தண்ணி சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு...

கர்ட்: சார் எங்க? இங்கதான நின்னாரு? பாத்ரூம்ல என்ன சத்தம்...

லோர்னா: டெல்மர்! கெட்டில் ஓடுது! ட்ரையரை இப்பப் போடாதேன்னு உனக்கு எத்தனை தடவை...

கர்ட்: டப்பு. போச்சு.

டெல்மர்: அடடா! வழக்கம்போல மறந்துட்டேன் கண்ணு! ...நான் இப்ப சத்தமாவா சொன்னேன்?

கர்ட்: கண்ணு.

லோர்னா: கர்ட், இருட்டா இருக்கு. முதல்ல பிரேக்கரைப் போடுடா.

கர்ட்: பகல் வெளிச்சம் ஜன்னல் வழியா நல்லா வருது. உன் முகம் தக்காளி மாதிரி செவந்திருக்கறது வரைக்கும் தெரியுது. ‘வழக்கம்போல’ன்னா என்ன வழக்கம் சார்? ‘எத்தனை தடவை’ன்னா எத்தனை தடவை அம்மா?

டெல்மர்: இது ஒரு... மின்சார சோதனைக்காக...

கர்ட்: ட்ரையரைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க சார். துப்பாக்கி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கறீங்க.

டெல்மர்: மன்னிச்சுக்க.

லோர்னா: நான் சொல்லணும்னுதான்டா இருந்தேன். ஈஸ்டருக்குச் சொல்லலாம்னு பாத்தேன், நீ பன்றித் தொடையை வெட்டிக்கிட்டு இருந்தே. கையில கத்தி இருக்கறப்ப வேண்டாம்னு...

கர்ட்: அம்மா...

லோர்னா: உங்க அப்பா போய் நாலு வருஷம்தான் ஆச்சு. அவர் நாற்காலியில இன்னொருத்தர் வந்து உக்காந்துட்டாரேன்னு நீ நினைச்சா... நினைச்சு அந்த மூஞ்சியோட என்னைப் பாத்தா... என்னால அதைத் தாங்க முடியாதுடா. அதுக்குத் தனியாப் போறேன்னு பொய் சொல்றதே தேவலைன்னு தோணுச்சு. நீ வேண்டாம்னா...

டெல்மர்: நீ வேண்டாம்னா நான் என் ட்ரையரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன் கர்ட். நிஜமாத்தான்.

கர்ட்: பிப்ரவரில எனக்கு ஒரு போன் வந்துச்சு. ‘கர்ட், சமையல்கட்டுல பிரேக்கர் அடிக்கடி ட்ரிப் ஆகுதுடா, வந்து பாரு’ன்னு.

லோர்னா: ஆமா. வந்து பாத்துட்டுப் பழைய வயரிங்னு சொன்னியே.

கர்ட்: அது நானும் அப்பாவும் சேர்ந்து போட்ட வயரிங். அப்பா இருந்த வரைக்கும் ஒரு தடவை கூட ட்ரிப் ஆனதில்ல. ஏன்னா நீ டோஸ்டர் போடறப்ப அவர் தலையை உலர்த்த மாட்டாரு. உலர்த்தறதுக்கு அவருக்கு முடியே கிடையாது. அங்க பாத்ரூம் அலமாரியில இந்த ட்ரையரைப் பாத்தேன்.

லோர்னா: அப்பவேவா!

கர்ட்: அப்பவே. வெளியில வந்தா வாசல்ல ரெண்டு ஜோடி பனி பூட்ஸ். ஒண்ணு எவ்வளவு பெரிசு! எனக்கு வர்ற சிரிப்பை அடக்கத் தெரியாம ‘பழைய வயரிங்’னு சொல்லிட்டு ஓடியே போயிட்டேன்.

டெல்மர்: அப்போ நான் பரண்ல ஒளிஞ்சிருந்தது...

கர்ட்: பரண்லயா இருந்தீங்க! நான் பூனைன்னு நினைச்சேன்!

லோர்னா: நீ போனதும் எலி எலின்னு கத்திக்கிட்டு இவர் இறங்கினப்ப அந்த வெள்ளி முடி எல்லாம் ஒட்டடை!

டெல்மர்: அன்னிக்கு ட்ரையர் ரொம்ப நேரம் ஓடிச்சு.

கர்ட்: போதும், போதும், மூச்சு முட்டுது... அம்மா, கேளு. ஆர்டர் போன வாரமே போயாச்சு. ஐம்பது ஆம்ப். பெரிய கட்டில். ரெண்டு பக்கமும் பிளக்கு, ரெண்டு பக்கமும் படிக்கற விளக்கு. பாத்ரூமுக்குத் தனி லைன். ட்ரையருக்காகவே.

லோர்னா: அடப்பாவி! அப்ப இன்னிக்கு எதுக்குடா இத்தனை கூத்து? கள்ளிச்செடிக்கெல்லாம் குட் மார்னிங் சொல்ல வெச்சியே!

கர்ட்: நீயா வாயைத் திறந்து சொல்லணும்னுதான். நீ தனியாப் போகலேங்கறது தெரிஞ்சதுலேர்ந்துதான் நானே நிம்மதியாத் தூங்கறேன். சார், வண்டி ஓட்டறதை மட்டும் அம்மாகிட்ட விட்டுடுங்க. உங்க ஸ்கூல் பஸ் கதை ஊருக்கே தெரியும்.

டெல்மர்: அந்தக் குளத்துல தண்ணி முழங்கால் அளவுதான் இருந்துச்சு.

கர்ட்: இப்ப கண்ணை மூடுங்க, ரெண்டு பேரும். சார், விரலுக்கு நடுவுல பாக்காதீங்க. ம்... திறக்கலாம்.

லோர்னா: பேர்ப் பலகை...

டெல்மர்: வால்நட் மரம்! நீ செதுக்கினதா?

கர்ட்: நானே. ‘லோர்னா ஹாக்ஸ்ட்ரா, டெல்மர் ப்ரீஸ்.’ ரெண்டு பேர் பேரும் முழுசா. கல்யாணத்துக்கெல்லாம் ஒண்ணும் அவசரம் இல்ல, குளிர்காலம் முழுக்க ஒண்ணா இருந்து பாத்துட்டு, நிதானமா... ஏன், என்னாச்சு? பிடிக்கலயா?

லோர்னா: டெல்மர், நீ சொல்லு.

டெல்மர்: உன் பையன். நீ சொல்லு.

லோர்னா: உன் மாணவன்.

டெல்மர்: என் மோசமான மாணவன்.

கர்ட்: யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்களேன்!

லோர்னா: பலகை ரொம்ப அழகா இருக்குடா ராஜா... அந்த ‘ஹாக்ஸ்ட்ரா’வை மட்டும் இழைச்சு எடுத்துட முடியுமா? செவ்வாய்க்கிழமை கோர்ட்டுல கையெழுத்துப் போட்டதுலேர்ந்து நான் லோர்னா ப்ரீஸ்.