லினக்ஸ் ஏறாத மடிக்கணினி

நீ கொடுத்த பென்டிரைவில் ஒரு பழுதும் இல்லை, கண்ணு. கடை வேலையை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப லினக்ஸை ஏற்றிக் கொடுத்தாயே, பாவம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போய்ச் சேர்ந்த எங்கள் மகளின் மடிக்கணினி; கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. லினக்ஸ் வழியாகக் கிளப்பினால் அவள் குரல்பதிவுகளைக் கேட்கலாம், ஆனால் வெளியிலிருந்து வேறெதையும் ஏறவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட் என்பதை முதலில் அணைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு உன் கடை மெஷினில் காட்டினாய். பக்கத்தில் நின்று நானும் கற்றுக்கொண்டேன். அவள் மெஷினை அவர் வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்.

அவர் சரியாகத்தான் அணைத்தார். மகள் குரலைக் கேட்கப் போகிறோமே என்று, மெஷினை நிறுத்திவிட்டுக் குளித்து, துவைத்த சட்டை போட்டு வருவார். அதற்குள் நான் செக்யூர் பூட்டைப் பழையபடி போட்டுவிடுவேன். லினக்ஸ் வராது. அணைந்திருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொல்வார்.

"நீங்க அணைக்கவே இல்லையே. மறந்துட்டீங்க."

"அணைச்சேனேம்மா... இல்லையா?"

மெஷினை மூடிவைப்பார். அன்றைக்கு அதோடு சரி. மறுநாள் மறுபடியும் குளியல், மறுபடியும் சட்டை. கடைசியில், "எனக்குப் புத்தி கலங்குதுடி" என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டரிடம் அறிகுறிகளை நான்தான் விளக்கினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. இவர் வெளியூர் போயிருந்தபோது, ஒருத்தனோடு போகிறேன் என்று பெட்டி கட்டினாள். கோபம் தணியட்டும் என்று அறையை வெளியே தாழிட்டேன். தட்டினாள். மருந்து கேட்டாள். நடிப்பு என்று நினைத்தேன். சத்தம் நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்தேன். பிடிவாதத்துக்கு இறங்கிப் போகக் கூடாதில்லையா. திறந்தபோது மடியில் மெஷின், அறைச் சத்தமெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது. நிறுத்தி மூடினேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று இவரிடம் சொன்னேன்.

உடைத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். அவள் குரலாயிற்றே, பெற்றவளுக்கு மனசு வருமா.

காலையில் இவர் என்னைக் கூப்பிட்டு, "அவ ரூம் கதவைக் கொஞ்சம் திறந்து வைம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றார். யாரும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. பாவம், நோய் முற்றுகிறது. மாத்திரையைக் கூட்டச் சொல்ல வேண்டும்.