பத்தொன்பது நாள் குளிர்

குளுருன்னா சாதாரணக் குளுரு இல்ல தம்பி! காலையில எந்திரிச்சுத் தரையில கால வச்சா, அது என் கால்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது. வாங்க, வாங்க, ஷூவோடயே வாங்க. கழட்டிடாதீங்க, அப்புறம் என்ன மாதிரி மூணு சாக்ஸ் மாட்ட வேண்டி வரும். உங்க கம்பெனிக்கு நான் போன் பண்றது இது மூணாவது தடவ, தெரியுமா? மொத ரெண்டு தடவயும், "கொஞ்சம் இருங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் பாட்டப் போட்டு விட்டுட்டாங்க. நான் வாயத் தொறந்தாலே எல்லாரும் ஏன் பாட்டுப் போடுறாங்கன்னு தெரியல...

ஹீட்டர் மெஷின் பின்னால இருக்கு, சமையக்கட்டத் தாண்டி, அந்தச் சின்ன ரூம்ல. மெதுவா வாங்க. இடது பக்கம் கதவு சாத்தியிருக்கு பாருங்க, உள்ள எங்க அண்ணி இருக்காங்க. அண்ணின்னா, எங்க வீட்டுக்காரரோட அக்கா. துணியெல்லாம் பெட்டியில அடுக்கிக்கிட்டு இருக்காங்க. பதினோரு மணிக்கு வண்டி வருது. என் கொழுந்தனார் வீட்டுக்கே போறாங்களாம், ஒரேயடியா. போகட்டுமே! எனக்கென்ன! ... இப்போ மணி என்ன தம்பி? ... பத்தே காலா? சும்மாதான் கேட்டேன்.

இங்கதான். கதவ நல்லாத் தள்ளுங்க, கொஞ்சம் பிடிக்கும். அந்தக் கூடைய மட்டும் மிதிச்சிடாதீங்க, அது கம்பளி நூலு. டார்ச்ச என்கிட்ட குடுங்க, நான் பிடிக்கிறேன். பேச்சுத் தொணையா இருக்கும். ... பரவால்ல, பரவால்ல, எனக்கு ஒரு சிரமமும் இல்ல.

எப்போலேர்ந்தா? பத்தொன்பது நாளு. கரெக்டா பத்தொன்பது! எப்பிடிச் சொல்றேன்னா, அன்னைக்குத்தான் விதை போட்டேன். தக்காளி, கத்திரி, குடமிளகா. நாங்க தொட்டியெல்லாம் வாங்கறதில்ல. முட்டை ஓடு இருக்குல்ல, அதப் பாதியா ஒடைச்சு, கழுவிக் காய வச்சு, அடியில ஊசியால ஒரு ஓட்டை. உள்ள மண்ணு. ஒரு ஓட்டுக்கு ரெண்டு விதை. அப்பிடியே முட்டை அட்டையில அடுக்கி வச்சா, முப்பது ஓடு சமத்தா உக்காந்துக்கும். வெயில் காலம் வந்ததும் ஓட்ட லேசா நசுக்கி அப்பிடியே தோட்டத்துல நட்டுடலாம். வேருக்குத் தெரியவே தெரியாது, வீடு மாறிட்டோம்னு!

இந்த யோசனை... சரி, உண்மையச் சொல்லணும்ல, அண்ணியோடதுதான். போன குளுருக்கு ரெண்டு பேரும் சேந்து அறுபது நாத்து எடுத்தோம். தெருவே வந்து கேட்டு வாங்கிட்டுப் போச்சு! அண்ணி விதை போடுறப்போ நீங்க பாக்கணும். கண்ணாடிய மூக்கு நுனியில எறக்கிக்கிட்டு, நாக்க லேசா நீட்டிக்கிட்டு, மூச்சக்கூட மெதுவா விடுவாங்க. விதை பறந்துடுமாம்!

இந்தத் தடவ ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட மொளைக்கல தம்பி. எட்டு நாள்ல தலை நீட்ட வேண்டிய தக்காளி, பத்தொன்பது நாளாத் தூங்குது. அட்டைய பிரிட்ஜு மேல வச்சுப் பாத்தேன். அலமாரிக்குள்ள வச்சேன். எங்க வீட்டுக்காரரு தூங்குறப்போ அவரு போர்வை ஓரத்துல கூட வச்சேன். மனுஷன் பொரண்டு படுத்து மூணு குடமிளகாயக் காலி பண்ணிட்டாரு.

சிரிக்காம வேலையப் பாருங்க தம்பி. ... என்ன, அந்த மூடியக் கழட்டணுமா? கழட்டுங்க.

கோழிங்க கதையும் இதேதான். பின்பக்கம் மூணு இருக்கு. கலெக்டரம்மா, வக்கீலம்மா, அப்புறம் தூங்குமூஞ்சி. குளுரு வந்ததும் மூணும் சொல்லி வச்ச மாதிரி முட்டை போடுறத நிறுத்திடுச்சு. பகல் பொழுது கொறஞ்சா அப்பிடித்தானாம், அண்ணி சொல்றாங்க. தண்ணிக் கிண்ணம் காலையில கல்லாட்டம் கெடக்கும். நான் வெந்நி கொண்டு போயி ஊத்துனாத்தான் குடிக்கும். அதுங்க நடுங்குறதப் பாத்து மனசு கேக்கல. ராப்பகலா உக்காந்து ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னிட்டேன்! கலெக்டரம்மாவுக்குச் சிவப்பு, வக்கீலம்மாவுக்குக் கறுப்பு, தூங்குமூஞ்சிக்கு மஞ்சள். மாட்டி விட்டா... கலெக்டரம்மா பின்னாடியே நடக்குது! முன்னாடி ஒரு அடி வைக்க மாட்டேங்குது, அப்பிடியே பின்னாடி பின்னாடி போயி வேலியில முட்டி நின்னுடுச்சு. வக்கீலம்மாவுக்கு மத்த ரெண்டையும் அடையாளம் தெரியல. யாரோ வெளியாளு வந்துட்டாங்கன்னு நெனச்சு வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுது. தூங்குமூஞ்சி மட்டும் தூங்கிடுச்சு.

அண்ணி ஜன்னல் வழியாப் பாத்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "அதுங்க ஒடம்புல இருக்கிறதெல்லாம் என்னன்னு நெனச்சே, வாடகைக்கு எடுத்த எறகா?" அப்பிடீன்னாங்க! நான் பேசவே இல்ல. ஒரு மணி நேரம் பேசல. எனக்கு அதெல்லாம் பெரிய விஷயம்.

பின்னல்னா எனக்கு உசுரு தம்பி. கெட்டிலுக்குச் சட்டை, டீவி ரிமோட்டுக்குப் பை, கதவுக் கைப்பிடிக்கு உறை, எங்க வீட்டுக்காரரு வழுக்கைக்குக் குல்லா. பல்லு விளக்குற பிரஷ்ஷுக்குக் கூட ஒண்ணு பின்னினேன், அது மட்டும் காயவே மாட்டேங்குது. வேற ஒருத்தரா இருந்தா "ஆகா"ம்பாங்க. அண்ணி "ஓகோ"ம்பாங்க. ஆகாவுக்கும் ஓகோவுக்கும் எவ்ளோ தூரம்!

மணி என்ன? ... பத்தரையா? அதுக்குள்ளயா?

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த ஹீட்டர யாரு கொறைக்கிறா? அதான் கேள்வி. நான் கொறைக்கல. எங்க வீட்டுக்காரரு அதத் தொட மாட்டாரு, தொட்டா அது அவரு வேலையாயிடும்னு பயம். கோழிங்களுக்கு எட்டாது. மிச்சம் யாரு? நீங்களே சொல்லுங்க. ... ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். அண்ணிக்கு வெக்கையே ஆகாது. ஜன்னலத் தொறந்து வைக்கிறதும் அவங்கதான். அப்போ யாரு கை?

இன்னொரு அத்தாட்சியும் இருக்கு. சுவத்துல ஹீட்டரோட பெட்டி இருக்குல்ல, வீட்டுச் சூடு எவ்ளோன்னு நம்பர் ஓடுமே, அதுக்கு நான் ஒரு தொப்பி பின்னி மாட்டியிருக்கேன். ரெட்டை நூலு, உச்சியில ஒரு பந்து. நம்பர் தெரியறதுக்கு ஒரு ஜன்னல் கூட விட்டிருக்கேன், அவ்ளோ நுணுக்கமா! விதை போட்ட அன்னைக்குத்தான் மாட்டினேன். அந்தத் தொப்பிய அண்ணி கழட்டிக் கழட்டி மேஜை மேல வைக்கிறாங்க தம்பி! நான் மாட்ட, அவங்க கழட்ட... நாலு தடவ! ஒவ்வொரு தடவயும் என்னமோ சொல்ல வருவாங்க. "இந்தத் தொப்பி..."ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்குத் தெரியாதா, "நல்லா இல்ல"ன்னுதானே சொல்லப் போறாங்க? நான் விட்டேனா! படபடன்னு பேசி வாய அடைச்சிட்டேன்.

வேடிக்கை என்னன்னா, தொப்பியக் கழட்டுன அன்னைக்கெல்லாம் வீடு கதகதன்னு இருக்கும். ஏன்? மனசு உறுத்தியிருக்கும்! "பாவம், ஆசையாப் பின்னினதக் கழட்டிட்டோமே"ன்னு ஹீட்டரக் கூட்டி வச்சிருப்பாங்க. நான் திரும்ப மாட்டுனதும் கோவத்துல கொறைச்சிடுவாங்க. எப்பிடிக் கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா? போலீஸ்ல சேந்திருக்க வேண்டியவ நான்.

நேத்து சாயந்தரம் பொறுக்க முடியாம... வாய் விட்டுட்டேன். முட்டை அட்டையத் தூக்கிக்கிட்டுப் போயி அவங்க முன்னாடி வச்சு... என்ன சொன்னேன்னா... அந்த டார்ச்ச கொஞ்சம் நீங்களே பிடிச்சுக்கங்க தம்பி, கை வலிக்குது.

"வெளியிலேர்ந்து வந்தவங்க கைய வச்சா இப்பிடித்தான் ஆகும்"னேன்.

வெளியிலேர்ந்து வந்தவங்க.

கோவமா இருந்தாலும் "ங்க" போட்டுத்தான் சொன்னேன், மரியாதையில கொறை வைக்கல. ஆனா அண்ணி மொகம்... அவங்க தம்பி வீடு இது. நான் இங்க மருமகளா வந்தப்போ கதவத் தொறந்து விட்டது அவங்கதான். இப்போ மூணு வருஷமாத் திரும்பவும் எங்களோடதான் இருக்காங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க, மாட்டிக்கிட்டாங்க. "சரிம்மா, வெளியிலேர்ந்து வந்தவ வெளியிலயே போயிடுறேன்"னாங்க. அவ்ளோதான். இன்னைக்குக் காலையில வண்டிக்குச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு உடனே ஆபீஸ்ல அவசர வேலை வந்துடுச்சு. வீட்டுல சண்டைன்னா அந்த ஆபீசுக்கு எப்பிடித்தான் தெரியுமோ!

எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. நாத்த இனிமே நானே பாத்துக்குவேன். கோழிக்குத் தண்ணி நானே வைப்பேன். சாப்பிடுறப்போ எதிர்ல ஆளு இல்லன்னா... டீவியப் பாத்துக்கிட்டு சாப்பிடுவேன். நீங்க இது அண்ணி வேலைதான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டீங்கன்னா, நான் நிம்மதியா இருப்பேன்.

... என்னது? மெஷின்ல ஒரு கொறையும் இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? ... பெட்டியா? சுவத்துல இருக்கிற பெட்டியா? வாங்க காட்டுறேன். சமையக்கட்டுலதான், அடுப்புக்குப் பக்கத்துல. அதோ, தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதே, அதுதான். அழகா இருக்குல்ல? ... இருபத்தி நாலுன்னு காட்டுது பாருங்க! பச்சைப் பொய்! நம்ம வாயிலேர்ந்து பொகை வருது, இது இருபத்தி நாலுங்குது!

கழட்டணுமா? நீங்களுமா தம்பி? ... சரி, கழட்டுங்க.

... ஏன் என்னையே பாக்குறீங்க? ... தொப்பிக்குள்ள கைய விட்டுப் பாக்கணுமா? எதுக்கு... அட! சூடா இருக்கே! கோழி அடியில கை விட்ட மாதிரி இருக்கே! ... ஆமா, கெட்டில் பக்கத்துலதான் கொதிக்கும். ... ஆமா, ரெட்டை நூலு... அந்தச் சூடு உள்ளயே... அப்போ இந்தப் பெட்டி, வீடு முழுக்க இப்பிடித்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு... மெஷின நிறுத்திடுமா? ... தொப்பி இருக்கிற வரைக்கும்? ...

என்ன சத்தம் அது? மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சா? தானாவா?

ஐயையோ.

பத்தொன்பது நாளு. தொப்பி மாட்டி பத்தொன்பது நாளு. ஐயையோ தம்பி, அண்ணி கழட்டுன அன்னைக்கெல்லாம் வீடு... ஐயையோ!

தம்பி, இங்க வாங்க, கிட்ட வாங்க. ஒரு வயரு அறுந்திருந்துச்சுன்னு சொல்லிடுறீங்களா? சின்ன வயருதான். எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுல எலி இருக்கு. இல்லன்னா வர வச்சிடுறேன்! ... ஏன் தலைய ஆட்டுறீங்க? ஒரு எலிக்கு என்ன கெட்ட பேரு வந்துடப் போவுது? ... தொப்பிய எதுக்கு என் கையில குடுக்குறீங்க?

... ஹாரன் சத்தமா? பதினொண்ணு ஆயிடுச்சா? இருங்க, ஜன்னல்... ஏங்க! டிரைவர் சார்! வண்டி வேணாங்க! ... இல்ல, வேணும்! ... அங்கயே நில்லுங்க, தெரிஞ்சதும் சொல்றேன்!

அண்ணி! அண்ணி, கதவத் தொறங்க. நான்தான். வேற யாரு, நான்தான். ஹீட்டர் தம்பி வந்து பாத்துட்டாரு. மெஷின் நல்லாத்தான் இருக்கு. யாரும் கொறைக்கல. எல்லாம் என் தொப்பி பண்ண வேலை. இல்ல... தொப்பிய ஏன் சொல்லணும்? நான் பண்ண வேலை. நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாது அண்ணி. யாரு வெளியிலேர்ந்து வந்தது? நான்தான் வந்தேன். நீங்கதான் கதவத் தொறந்து விட்டீங்க. இன்னொரு தடவ தொறங்க.

... தொறந்துட்டீங்களா! சூட்கேஸக் கீழ வைங்க. மொதல்ல அதக் கீழ வைங்க. ... சிரிக்கிறீங்களா? நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன், நீங்க சிரிக்கிறீங்களா? சரி, சிரிங்க. நல்லாவே சிரிங்க. தம்பி, எங்கண்ணி சிரிக்கிறாங்க பாருங்க... தம்பி? எங்க ஆளக் காணோம்! ஓ, வாசல்ல நின்னு வண்டியத் திருப்பி அனுப்புறாரா? நல்ல மனுஷன், ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு.

என்னது அண்ணி? ... உங்களுக்குத் தெரியுமா? தொப்பிதான்னு முன்னாடியே தெரியுமா? அப்போ ஏன் எங்கிட்ட சொல்லல? ... சொன்னீங்களா? எப்போ? ... நாலு தடவயா?

... நான் பேசிக்கிட்டே இருந்தேனா.

சரி. உக்காருங்க அண்ணி. இப்பிடி என் பக்கத்துல உக்காருங்க. அஞ்சாவது தடவ சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க. நான் கேக்குறேன்.

... இல்ல, இல்ல! நான் ஒண்ணும் சொல்லல. மூச்சு விட்டேன், அவ்ளோதான். நீங்க சொல்லுங்க.