டாவும் டியும்

ஹலோ... ஆமா சார், நான்தான். போன்ல விளையாடற கேமுக்குக் கதை எழுதின நானேதான். நீங்க மாத்தி அனுப்பினதைத் திறந்து பாத்துட்டேன்... வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் சார். எடுத்த எடுப்புலயே "நீ ஆணா, பெண்ணா?"ன்னு கேக்குதே, அதை யாரு சேத்தது?

...ஆமா, ஆமா, சாயங்காலம் வெளியிடறோம், தெரியும்... ஏன் முடியாது? கேக்காமலேதானே எழுதிக் குடுத்தேன்? விளையாடறவங்க ஒரு லிப்ட் மெக்கானிக். "நீ படியேறுகிறாய். நீ கதவைத் தட்டுகிறாய்." இதுல ஆண் எங்க வந்தான், பெண் எங்க வந்தா? உள்ள மாட்டிக்கிட்டவர் "யாருங்க வெளில?"ங்கறார். அம்மா போன் பண்ணி "சாப்ட்டியா கண்ணு?"ங்கறாங்க. ஏழு மாசம் சார், ஒவ்வொரு வரியா பாத்துப் பாத்து எழுதினது.

...என்னது, கலகலப்பா இல்லையா? அதுக்காக? ஆம்பளைக்கு "வாடா", பொம்பளைக்கு "வாடி"ன்னு நீங்களா சேத்துட்டு, பெண்ணுன்னு அமுக்கினா கதையில இருக்கற டாவையெல்லாம் ஒரே தட்டுல டி ஆக்கியிருக்கீங்க. லிப்ட் கதவுல "தொடாதே"ன்னு பலகை வெச்சிருந்தேன். இப்ப "தொடிதே"ன்னு இருக்கு! "உள்ளே வரக்கூடாது" என்ன ஆச்சு தெரியுமா? "வரக்கூடிது"! ...சிரிக்காதீங்க சார், எனக்குப் பத்திக்கிட்டு வருது.

...பிழைய மட்டும் திருத்திக் குடுக்கறதா? மாட்டேன். அந்தக் கேள்வியும் போகணும்... போகலன்னா என் பேரை எடுத்துடுங்க... ஆமா, யோசிச்சுதான் சொல்றேன்... முதல் கதைதான், எனக்குத் தெரியாதா? எடுத்துடுங்க.

...சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கதைய நீங்க விளையாடினப்ப யாரா இருந்தீங்க? ...நீங்களாவே. உங்க பொண்ணு? ...அவ அவளாவே. அப்பறம் எதுக்கு சார் ஆளை வாசல்லயே நிறுத்தி விசாரிக்கறது?

...பக்கத்துலதான் இருக்காளா? புதுசையும் விளையாடக் குடுத்தீங்களா? அப்ப போனை அவகிட்ட குடுங்க... குடுங்க சார்.

...ஹலோ, சொல்லு கண்ணு. எதுவரைக்கும் போனே? லிப்டைத் திறந்துட்டியா? ...என்னது, முதல் கேள்வியிலயே மூடிட்டியா? ...ஏன்? ...எந்தப் பட்டன் இல்ல? ...

"நான்"னு ஒரு பட்டனா?

...அதை அப்படியே அப்பாகிட்ட சொல்லு... இல்ல இல்ல, அவர் காதுக்குள்ள குசுகுசுன்னு இல்ல. சத்தமா சொல்லு.