போத்தல் கழுத்தில் ஒரு திகதி

மோல்ட் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, நிலுஷா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முளைவிட்ட பார்லிதான் மோல்ட்; அந்தத் தானியம் நனைந்து இரண்டாம் நாள் விடும் மணம், மாட்டுக்கொட்டிலில் யாரோ சீனிப்பாகைக் கொட்டிவிட்டுப் போனது போலிருக்கும். அந்த மணத்துக்குள் நான் மூன்று வருடம் நின்றேன். சப்பாத்து நிலத்தோடு ஒட்டும், கோடையில் குளவி மொய்க்கும். இன்றைக்கும் கடையில் கறுப்புப் போத்தல்களைக் கண்டால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

நீ அனுப்பிய செய்தி டேனிஷில் இரண்டே வரி. அப்பா செத்த திகதி உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதைத் தாருங்கள், வேறொன்றும் எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வணக்கம் இல்லை, பேதுரு மாமா என்ற சொல்லும் இல்லை. பரவாயில்லை. திகதி தெரியாததால் உன் அம்மா இத்தனை வருடமும் ஆடி அமாவாசைக்கு மட்டும்தான் அவருக்காக விரதம் பிடிக்கிறார் என்று நானும் கேள்விப்பட்டேன். நாள் தெரிந்தால் திதி பார்த்து முறைப்படி திவசம் கொடுக்கலாம். நியாயமான தேவைதான். தருகிறேன். ஆனால் அது என்னிடம் எப்படி வந்தது, நான் ஏன் வைத்திருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். வெறும் திகதியை மட்டும் எழுதி அனுப்பினால் என்னை ஏதோ ஈவிரக்கமில்லாதவன் என்று நினைப்பாய்.

உன் அப்பா பூபாலசிங்கம் சமாதான காலத்தில் கிளிநொச்சிக்குப் போனவர். தாயின் காணி அலுவலைப் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வருகிறேன் என்றார். அது இழுபட்டு, 2006 ஆவணியில் கிளிநொச்சிப் பாதையும் பூட்டிவிட்டார்கள். அவர் உள்ளே அகப்பட்டார். நீயும் அம்மாவும் இங்கே டென்மார்க்கில், பிராண்டேயில். அம்மா இராசலட்சுமிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் வேலை போயிருந்த நேரம் அது.

அந்த வருடம் நீ பெரியபிள்ளையாகி, உன் சாமத்திய வீடு நடந்தது. தாய்மாமன் இங்கே இல்லாத குறைக்கு, மன்னார்க் கத்தோலிக்கன் நான், உன் தலையைச் சுற்றித் தேங்காய் உடைத்தேன். அன்றைக்கு அம்மா நன்னாரி வேரும் இஞ்சியும் போட்டு ஒரு குடிநீர் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் ஆண்கள் காரின் டிக்கியைத் திறந்து விஸ்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கோலா. கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே நீல்ஸ் என்ற கிழவர் ஒரு பழைய மதுச்சாலையில் குடித்தால் வெறிக்காத இனிப்பு மோல்ட் பானம் செய்துகொண்டிருந்தார். டேனிஷ்காரர் அதைக் கிறிஸ்மஸுக்குப் பால்சோற்றோடு குடிப்பார்கள், மற்ற மாதங்களில் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அம்மாவின் குடிநீரை அதில் கலந்து, போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினேன். யோசனை என்னுடையது. அதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பெயர் ‘ராசாத்தி மோல்ட்’. லேபிளுக்கு, உன் சாமத்திய வீட்டில் எடுத்த அம்மாவின் படம்: சிவப்புக் காஞ்சிபுரம், கொண்டையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் செம்பு. இரண்டே வருடத்தில் ஸ்கீவ முதல் கோபன்ஹேகன் வரை ராசாத்தி இல்லாத கலியாண மேசை இல்லை என்றாகிவிட்டது. ஒஸ்லோவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கடைக்காரர்கள் வான் அனுப்பினார்கள். பொம்பிளையும் மாப்பிள்ளையும் போத்தலோடு நின்று படம் எடுத்தார்கள். ஸ்கீவவில் ஒரு கலியாணத்தில் ராசாத்தி வைக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். வெறும் இனிப்புத் தண்ணீருக்கு.

வேலை நேரத்தில் அம்மாவின் கைத்தொலைபேசி முதியோர் இல்லத்து அலுமாரிக்குள் கிடக்கும். அதனால் அப்பாவுக்கு மதுச்சாலையில் இருந்த என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். எப்போதும் ஆள் நிற்கும் இலக்கம் அது. இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை என்பதைக் கவனி.

2009 மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. உள்ளே இயந்திரம் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அறிமுகமில்லாத ஒரு குரல். “பூபாலசிங்கத்தார் இண்டைக்கு விடிய செல் விழுந்து மோசம் போயிட்டார். பங்கருக்குப் பக்கத்திலயே குழி வெட்டித் தாட்டிட்டம். அக்காட்டச் சொல்லிவிடுங்கோ.” அதோடு தொடர்பு அறுந்தது. அந்த இலக்கத்திலிருந்து பிறகு யாரும் எடுக்கவில்லை.

நான் கதிரையில் அமர்ந்து நிதானமாக யோசித்தேன். சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் தொடக்கு. அந்த வீட்டுக் கை தொட்டதை உங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு எடுக்கமாட்டார்கள், கோவில் வாசலுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். அந்தக் கோடையில் ஏழு கலியாணம் இருந்தது. கோவில் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் முழுவதும் நாங்கள் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். குடிநீரை நானே காய்ச்சலாம் என்றால், முன்பு இரண்டு தரம் முயன்று பார்த்தவன். இரண்டு தரமும் வாய்க்கால் தண்ணீர் போலத்தான் வந்தது. அம்மா அளவு சொல்லமாட்டார். கேட்டால் கையைக் காட்டிச் சிரிப்பார்.

முப்பத்தொரு நாள் என்றாலும் எப்படியோ சமாளித்திருப்பேன். படத்தை என்ன செய்வது? பொட்டழிந்த பெண்ணின் படத்தை எந்தத் தாய் தன் மகளின் மணவறைக்குப் பக்கத்தில் வைப்பாள்? நான் வைப்பேன். எங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் உங்கள் ஆட்கள். அவர்களுடைய அருவருப்பை நான் உண்டாக்கவில்லை. அது எனக்கு முன்பே அங்கே இருந்தது.

நாலு மணிக்கு அம்மா வேலை முடிந்து மதுச்சாலைக்கு வந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே வழக்கமான கேள்வி.

“போன் வந்ததே அண்ணை?”

“ஓம்.”

“என்னவாம்?”

“சுகமாம். ஆமிக்காரற்ற பக்கம் வந்திட்டாராம். காலில சின்னக் காயமாம், பயப்பிட வேண்டாமாம்.”

அம்மா மோல்ட் மூட்டையில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். அன்று காய்ச்சிய குடிநீரைப் போல முன்னும் பின்னும் வந்ததில்லை. நீல்ஸ்கூட இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார்.

நாலு நாளில் யுத்தம் முடிந்தது. மண்டபத்தில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது உன் அம்மாவின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கோடையில் டென்மார்க்கில் நிம்மதியாக நித்திரை கொண்ட ஒரே தமிழ்ப் பெண் அவர்தான் என்று நினைக்கிறேன். அதைக் கொடுத்தது யார் என்று நீங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதன் பிறகு கிழமைக்கு ஒன்றாகச் செய்தி சொல்லவேண்டி வந்தது. முகாமில் இருக்கிறார், போன் வைத்திருக்க விடமாட்டார்களாம், வேறு ஆள் மூலம் சொல்லிவிட்டார். ‘நிலுஷாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விடவேண்டாம் எண்டு சொல்லு’ என்று அப்பா சொன்னதாக அம்மா உனக்குச் சொல்லியிருப்பார். அது என் சொந்த யோசனை. அந்த வருடம் நீ தமிழ்ப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாய். இந்தக் கடிதத்தை இன்று நீயே வாசிக்க முடிவதற்கும் அதுதான் காரணம்.

ஆனி மாதம் அம்மா அப்பாவுக்கென்று ஒரு பார்சல் கட்டித் தந்தார். இரண்டு சாரம், சேட்டுகள், வயிற்றுவலிக் குளிசை, நீலக் கரை போட்ட ஒரு துவாய். கொழும்புக்குப் போகிறவரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி நிலவறையில் வைத்தேன். அதில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை, துவாயைத் தவிர. போத்தல் துடைக்க நல்ல துணி கிடைக்காத நேரம் அது.

தேர் அன்று அம்மா தண்ணீர்ப்பந்தலில் தானே நின்று வார்த்துக் கொடுத்தார். வகிட்டில் குங்குமம், தலை நிறையப் பூ. நீயும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாய். பிரான்ஸிலிருந்து வந்தவர்கள்கூட வரிசையில் நின்று இரண்டாம் தரம் வாங்கினார்கள். வடம் பிடித்த கைகளோடு வந்து குடித்தார்கள். எல்லோரும் சந்தோசமாகத்தான் இருந்தார்கள்.

தேர் முடிந்து ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. வேலை இல்லாததால் அம்மாவின் கைத்தொலைபேசி அவரிடமே இருந்தது. அப்பாவின் மச்சான் மகேந்திரராசா வவுனியா முகாமிலிருந்து, யாரிடமோ இரவல் வாங்கிய போனில் எடுத்தார். சத்தமாகக் கதைப்பவர். அடுப்புக்கு அப்பால் நின்ற எனக்கும் கேட்டது. “அக்கா, அத்தானின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அங்க செய்தனியளோ? என்னால இஞ்ச ஒண்டும் செய்யேலாமப் போச்சு.” எந்த நாள் என்று அம்மா கேட்டார். மே நடுவில், நாள்கிழமை தெரியாமல் கிடந்த நேரம் அக்கா, என்றார் அவர்.

அம்மா போனை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, உங்களுக்கு எப்ப தெரியும்?”

“இப்பதான்,” என்றேன்.

அம்மா என் தோளைப் பார்த்தார். நீலக் கரைத் துவாய் அங்கே கிடந்தது. அதை இழுத்தெடுத்தார். மோல்ட் பிசின் ஊறி விறைத்துப்போன அந்தத் துணியால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தார். இரண்டு மூன்று தரம் துடைத்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுப்பை நான்தான் நிற்பாட்டினேன்.

ஒரு கிழமைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. எனக்கு உண்மையான அருவருப்பு வந்தது அப்போதுதான். அவர் எப்படிச் செத்தார் என்று ஒருவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் தங்கள் வயிற்றுக்குள் போனதைப் பற்றித்தான் கவலை. ஸ்கீவ சுசீலாதேவி, மகளுக்கு ஆனியில் கலியாணம் செய்தவள், போனில் கத்தினாள். “என்ர பிள்ளையின்ர மணவறைக்குப் பக்கத்தில அறுதலியின்ர படத்தை வைப்பிச்சுப் போட்டியளே!” கிரின்ஸ்டெட்டில் ஒருவர் மூன்று பெட்டி ராசாத்தியைக் கழிவறையில் ஊற்றிவிட்டுத் தலைக்குக் குளித்தார். கடைக்காரர்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து மதுச்சாலை முற்றத்தில் போட்டார்கள், வெயிலில் போத்தல்கள் வெடித்தன. நீல்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிருமி கலந்துவிட்டதா என்று பயந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். எல்லாம் சுத்தம் என்று பதில் வந்தது. அந்தக் கடதாசியைப் பார்த்து நான் சிரித்தேன்.

அதே ஆட்கள்தான் அம்மாவைக் கலியாணங்களுக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், யாவாரத்துக்காக மறைத்தவள் என்று கதை கட்டினார்கள். நீங்கள் பிராண்டேயை விட்டுப் போனது அவர்களால். என்னால் இல்லை. அப்படி இல்லை என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, அப்பாவே எடுத்தார். இரண்டு நாள் வரிசையில் நின்று கிடைத்த போன், இரண்டு நிமிடம்தான் என்றார். அம்மா அன்று விடுப்பு எடுத்துக் காய்ச்சிக்கொண்டு நின்றார். என்னிடமிருந்து பத்தடி தூரம், எனக்கு முதுகைக் காட்டியபடி. பாகு இறுகும் நேரம். கை விட்டால் அடிப்பிடிக்கும், காய்ச்சிய முழுப் பாத்திரமும் வீண். “அடுப்படியில நிக்கிறா, நாளைக்கு எடுங்கோ” என்றேன். “சரி, அப்ப குழப்பாதேங்கோ” என்றார். மீதி நேரத்துக்கு என்னோடு கதைத்தார். மோல்ட்டைப் பற்றித்தான் கேட்டார். “எல்லாரும் சொல்லீனம், நான்தான் இன்னும் குடிச்சுப் பாக்கேல்ல. எனக்கு ஒரு போத்தல் எடுத்து வையுங்கோ, பேதுரு.” வைக்கிறேன் என்றேன்.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் ஒரு போத்தல் இருக்கிறது. அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சியது, வியாழக்கிழமை நிரப்பியது. கழுத்தில் அச்சடித்திருக்கும் நாள்தான் நீ கேட்ட நாள்: 14.05.2009. திதியை நீயே பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள். திவசத்துக்குப் படைக்கும்போது இந்தப் போத்தலையும் வாழையிலையில் வை. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது. இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்தேன். உன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, நிலுஷா.