பன்னிரண்டாம் நாள் ரத்தம்

சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் எனக்கு நல்ல கைராசி என்று ஆலங்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இன்ஸ்பெக்டர். இலக்கியாகூட அழவில்லை.

நான்கு வயதுப் பிள்ளை. ஐந்து நாளாகக் காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடு. வல்லத்திராக்கோட்டையிலிருந்து அவள் அம்மா பொற்கொடி பஸ்ஸில் என் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கவாசாக்கி. பிள்ளைகளின் இதய ரத்தக்குழாய்களை வீங்கவைக்கும் நோய். எதனால் வருகிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக அதைத்தான் தேடுகிறேன்.

நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் சுரக்கும் அணுக்கள் ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தத்தில் பெருகும். அவற்றின் மரபணுவை எடுத்துக் குளோனிங் செய்தால் அதே ஆன்டிபாடிகளை ஆய்வகத்தில் உண்டாக்கலாம். அவை எந்தக் கிருமியைப் பிடிக்கின்றன என்று பார்க்கலாம். ஆனால் சிகிச்சை மருந்து ஏறிவிட்டால் அந்த அணுக்கள் அடங்கிவிடும். அதனால் மருந்து என்று சொல்லி வெறும் சலைன் ஏற்றினேன்.

காய்ச்சலின் எட்டாம் நாள் எடுத்த ரத்தம் அருமையாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் இன்னொரு முறை வேண்டியிருந்தது. இடையில் எக்கோ எடுத்தபோது குழாய்கள் புடைத்திருந்தன. அதையும் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் நர்ஸ் அறிவுமதி மருந்தறையில் என்னை நிறுத்தினாள்.

"மேடம், மருந்து பூராவும் ஃப்ரிட்ஜுக்குள்ளயே இருக்கு. அப்ப பிள்ளைக்கு என்னத்த ஏத்துனீங்க?"

விளக்கிச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"பொற்கொடியக்காகிட்ட சொல்லப் போறேன்" என்று திரும்பினாள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் திருகும் ஸ்பானர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடியிலேயே மண்டை பிளந்தது. அப்படியும் கதவை நோக்கி ஊர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு, அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, அசைவு நிற்கும்வரை அடித்தேன். பிறகு முகம் கழுவி, வேறு கோட் மாட்டிக்கொண்டு போய் இலக்கியாவுக்கு ரத்தம் எடுத்தேன்.

"இனி பயமில்லைல்ல, டாக்டரம்மா?" என்றார் பொற்கொடி.

இல்லை என்றேன். சாயங்காலம் அவர் மடியிலேயே பிள்ளையின் இதயம் நின்றுபோனது.

இரண்டு சாவுக்கும் நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள். இலக்கியாவின் ரத்தம் இருக்கும் என் ஃப்ரீசருக்கு மட்டும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகளைப் பறிகொடுத்துவிட்டதாகப் பொற்கொடி அழுகிறாராம். அவரிடம் சொல்லுங்கள், பிள்ளை என்னிடம் பத்திரமாக இருக்கிறாள்.