நாற்பத்தோராவது கிணறு

"எல்லாரும் பாக்கற எடத்துல போட்டா, எல்லாரும் பாத்துடுவாங்களேம்மா!"

திருத்தணி மலைக்கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பேராசிரியர் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். உடன் நின்றவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. திருவாலங்காட்டுப் பக்கம் கிணறுகளின் நீர்மட்டத்தை இருவருமாக அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகளைப் பல்கலைக்கழகத்தின் திறந்த இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டுமாம்.

"அதுக்குத்தானே சார் களஞ்சியம்?" என்றாள்.

"ஒரு பாஸ்வேர்டு போட்டுடு. வேணும்ன்றவங்க எனக்கு லெட்டர் எழுதட்டும்."

"அப்ப அது எப்டி சார் திறந்த களஞ்சியம்?"

"திறந்துதான் இருக்கும். சாவி நம்மகிட்ட இருக்கும்."

வரிசை நாலடி நகர்ந்தது.

"நேத்தே ஏத்திட்டேன் சார். ஏத்தாட்டி தீசிஸ் வாங்க மாட்டோம்னுட்டாங்க."

"யார்னா பாத்தாங்களா?"

"ஆங், ஒரு கரும்பு விவசாயி பாத்துட்டு காலைல போன் பண்ணாரு. நாப்பத்தோராவது கெணறு அவரோடதாம். சித்திரையில பத்தடி தண்ணி இருந்துச்சுன்னு போட்டுகிறோம். அத்த மூடி, மேல மாட்டுக்கொட்டா கட்டி அஞ்சு வருஷமாவுதாம்."

பேராசிரியர் கோபுரத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் நீங்கதான் சார் அளந்தீங்க."

"செம வெயில்மா அன்னிக்கு" என்றார்.

"அந்த அளவ தூக்கிட்டேன் சார். ஏன் தூக்கினோம்னு கீழ காரணமும் எழுதிட்டேன்."

"என்னன்னு? கெணறு இல்லன்னா?"

"இல்ல சார். அளக்க ஆளு போவலன்னு."