இசபெல்லா ராணிக்குச் சந்தனப் பொட்டு

நாகையா: "கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு! புத்தாயிரம் பிறக்க இன்னும் ஓராண்டே இருக்கும் இவ்வேளையில், ஆசியக் கண்டத்திலேயே முதன்முறையாக, ஐந்நூறு ஆண்டுகள் இருட்டறையில் கிடந்த ஸ்பானிய அரச ஆவணம் ஒன்றை, நம் வரலாற்று வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திருமிகு சபாபதி அவர்கள், நாளை ஞாயிறு மாலை, கணினித் திரையில், மூல மொழியிலேயே வாசித்து, உடனுக்குடன் தமிழாக்கி..."

சபாபதி: ஆசியக் கண்டமா?

நாகையா: கூடிப்போச்சா, தலைவரே?

சபாபதி: கீழை நாடுகள்னு போட்டிருக்கலாம். ஆசியான்னா ஜப்பான்காரன் எவனாவது கேள்வி கேக்க வந்துடுவான்.

நாகையா: நோட்டீஸ் அடிச்சாச்சு லா. கேளுங்க. "அவ்வமயம், தலைவர் அவர்களுக்கு நம் வட்டப் புரவலர் டத்தோ சிவசம்பு அவர்கள் பொன்னாடை போர்த்தி, ஸ்பானிய வரலாற்றுச் செம்மல் என்னும் பட்டத்தை..."

சபாபதி: மெதுவா படி. திரும்பிப் பாக்குறாங்க.

நாகையா: பிரிக்பீல்ட்ஸ் சைபர் கஃபேல யாரு தலைவரே திரும்பிப் பாக்குறது? அவனவன் கம்ப்யூட்டர்ல ஆளைச் சுட்டுக்கிட்டிருக்கான். நாம வேலையைப் பாப்போம். நாளைக்குக் காட்ட ஒரு ஆவணம் பிடிக்கணும். இந்தாங்க, ஸ்பெயின்ல ஏதோ ஒரு நூலகம். படம் வருது.

சபாபதி: எங்க வருது? வெள்ளையா இருக்கு.

நாகையா: மேலேருந்து இறங்கும். போன் லைன்தானே... ஆங், முதல் வரி வந்துடுச்சு.

சபாபதி: ம்.

நாகையா: என்ன எழுதியிருக்கு?

சபாபதி: பழைய கையெழுத்து.

நாகையா: அது எனக்கே தெரியுது. என்ன எழுதியிருக்கு?

சபாபதி: இது அரசர் எழுதினதில்ல, நாகையா. குமாஸ்தா எழுதினது. குமாஸ்தா கையெழுத்து எந்த நாட்டுல புரிஞ்சிருக்கு?

நாகையா: ஒரே ஒரு வார்த்தை...

சபாபதி: கண்ணாடி மாத்தணும் எனக்கு. அடுத்ததைத் திற.

நாகையா: இது... ஒரு பாதிரியார் மேல நடந்த விசாரணை. நானூறு பக்கமாம்.

சபாபதி: நானூறா! டத்தோ எட்டு மணிக்குச் சாப்பிட்டாகணும். சின்னதா பாரு. அச்செழுத்துல. கொஞ்சம் பெரிய எழுத்தா. பக்கத்துலயே இங்கிலீஷும் போட்டிருந்தா ரொம்ப நல்லது.

நாகையா: இங்கிலீஷ் எதுக்குத் தலைவரே?

சபாபதி: ஒப்பிடத்தான்! வெள்ளைக்காரன் மொழிபெயர்ப்புல ஏகப்பட்ட தப்பு இருக்கும். மேடையிலயே திருத்தணும்.

நாகையா: ஓ... அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி பக்கம் இருக்கு. இங்கிலீஷ் மட்டும்தான். மூலம் இல்ல.

சபாபதி: அதைப் பிரிண்ட் எடு! படத்தை இங்கேருந்து எடுத்துக்குவோம், இங்கிலீஷை அங்கேருந்து எடுத்துக்குவோம்.

நாகையா: ரெண்டும் வேற வேற ஆவணமாச்சே.

சபாபதி: யாருக்குத் தெரியப்போகுது?

நாகையா: டத்தோ மருமகளுக்கு.

சபாபதி: எந்த மருமக?

நாகையா: மகன் லண்டன்ல படிச்சப்பக் கட்டிக்கிட்டாரே, எலேனா. ஸ்பெயின்காரங்க. அங்க ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சரா இருந்தவங்க. நாளைக்கு முதல் வரிசை. அவங்களே கேட்டு வாங்கின இடம்.

சபாபதி: ஏர்கோன் ரொம்பக் குளிருது இல்ல?

நாகையா: ஏர்கோன் ரிப்பேர்னு வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கு.

சபாபதி: அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?

நாகையா: வணக்கம் தெரியும். சாப்பாட்டு மேசையில போதும் போதும்னு சொல்லத் தெரியும்.

சபாபதி: அவ்வளவுதானே! அப்ப நான் தமிழ்ல என்ன சொன்னாலும்...

நாகையா: முதல்ல ஸ்பானிஷ்ல வாசிக்கணும். நோட்டீஸ்ல இருக்கு.

சபாபதி: எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடு.

நாகையா: இப்ப நல்லாத்தானே பேசுறீங்க?

சபாபதி: நாளைக்குக் கட்டும்.

நாகையா: டத்தோ கூட்டத்தைத் தள்ளி வைப்பாரு. தொண்டை ஆறுற வரைக்கும் விடமாட்டாரு.

சபாபதி: நாகையா... நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. என் மூஞ்சியப் பாக்காதே.

நாகையா: திரும்பிட்டேன்.

சபாபதி: எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. காதுல விழுந்துச்சா? ஒரு வார்த்தை தெரியாது. வணக்கம்னு சொல்லக்கூடத் தெரியாது. அந்தம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழ்ல பாதிகூட எனக்கு...

நாகையா: விழுந்துச்சு. மெதுவா.

சபாபதி: சுபாங் ஜெயாவுல ஒரு கல்யாண வீடு. ஒருத்தன் ஐரோப்பா டூர் போய் வந்த கதையை சாப்பாடு முடியிற வரைக்கும் அளந்தான். நான் வடக்கே போனது ஈப்போ வரைக்கும். சும்மா இருக்க முடியல. நமக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் வாசிக்க வரும்னேன்.

நாகையா: ஏன் ஸ்பானிஷ்?

சபாபதி: திருப்பிக் கேக்க ஆள் இல்லாத மொழியாப் பாத்துச் சொன்னேன். பிரெஞ்சுன்னா எவனாவது மாட்டிவிடுவான். அடுத்த வாரமே நீ வந்து நிக்கிற, வட்டத்துக்குத் தலைவரா இருங்கன்னு.

நாகையா: என் மேலயே போடுங்க.

சபாபதி: வீட்டுல சந்திரகலாவும் நம்புறா. அவ தங்கச்சிகிட்ட போன்ல சொல்றா, இவரு தூக்கத்துலகூட ஸ்பானிஷ்தான் பேசுறாருன்னு.

நாகையா: என்ன பேசுனீங்க?

சபாபதி: எனக்கெப்படித் தெரியும்? தூங்கிக்கிட்டிருந்தேன்... சிரிக்காதே, நாகையா. நாளைக்கு அவளும் வருவா. நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க, இப்ப அவங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வராங்க. பொய் சொன்னா வாயைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன வாத்தியாரு நான். அத்தனை பேரு முன்னாடி ஒரு பொண்ணு எழுந்து, இவரு வாசிக்கிறது எங்க மொழியே இல்லன்னு சொன்னா... ரொம்ப மாலுவாப் போயிடும். வெக்கத்துல அங்கேயே செத்துடுவேன்.

நாகையா: அண்ணே.

சபாபதி: தலைவரேன்னு கூப்பிடக்கூட மனசு வரல பாரு உனக்கு.

நாகையா: எனக்கு முன்னாடியே தெரியும்ணே.

சபாபதி: எது?

நாகையா: உங்களுக்குத் தெரியாதுங்கிறது.

சபாபதி: எப்பருந்து?

நாகையா: போன வருஷம் நீங்க உரையாத்தினீங்களே, அன்னைக்கே.

சபாபதி: அன்னைக்கா? ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்திரண்டு! யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தச் சொல்லி ராஜாவும் இசபெல்லா ராணியும் போட்ட ஆணை! இருபது நிமிஷம் தமிழ்ல வாசிச்சேன், ஒருத்தன் அசையல. எனக்கே அழுகை வந்துடுச்சு.

நாகையா: எங்கேருந்து வாசிச்சீங்க?

சபாபதி: இங்கிலீஷ்ல எத்தனையோ புத்தகத்துல இருக்கு. மனப்பாடம் பண்ணினேன். படம் மட்டும் இன்டர்நெட்ல எடுத்தது. அந்த ஆணையைத் தேடித்தான் போனேன். அழுத்தினதும் வந்துச்சு. மேல கோட்டை, சிங்கம், கிரீடம்... கீழ வளைஞ்சு வளைஞ்சு எழுத்து. பாத்ததுமே ராஜகளை.

நாகையா: கடைசி வரிசையில மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்களே...

சபாபதி: இங்கிலீஷ்காரம்மா! நான் அழுதப்ப அவங்களும் கண்ணைத் துடைச்சாங்க. அதைப் பாத்துத்தான் இன்னும் அஞ்சு நிமிஷம் நீட்டினேன்.

நாகையா: அவங்கதான் எலேனா.

சபாபதி: அவங்களா? அழுதாங்களே!

நாகையா: அது சிரிச்சு வந்த தண்ணிண்ணே. அந்தப் படத்துல என்ன எழுதியிருக்குன்னு, காப்பி குடிக்கும்போது என்கிட்ட சொன்னாங்க.

சபாபதி: சொல்லாதே.

நாகையா: சரி.

சபாபதி: ...சொல்லு.

நாகையா: "இந்த ஏடு பழுதுபார்க்கப்பட்டு வருகிறது. இன்னும் படம் எடுக்கப்படவில்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

சபாபதி: அதையா ஃப்ரேம் போட்டு வட்டத்துச் சுவத்துல மாட்டி வச்சிருக்கோம்?

நாகையா: சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் குங்குமம் வச்சது நான்தான்.

சபாபதி: தெரிஞ்சேவா?

நாகையா: எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னாங்கண்ணே. அந்த நேரத்துல போய் எப்படிச் சொல்றது? நீங்களே ஒருநாள் சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. எனக்கும் வெக்கமாப் போச்சு, நோட்டீஸ் எழுத ஆரம்பிச்சுட்டேன்.

சபாபதி: டத்தோவுக்குத் தெரியுமா?

நாகையா: வீட்டுக்குப் போற வழியில கார்லயே மருமக சொல்லிட்டாங்களாம்.

சபாபதி: கமிட்டிக்கு?

நாகையா: டத்தோ சொன்னாரு.

சபாபதி: அப்ப அத்தனை பேரும் தெரிஞ்சே உக்காந்து, ஓட்டுப் போட்டு, ஸ்பானிய வரலாற்றுச் செம்மல்னு எனக்குப் பட்டம் கொடுக்க முடிவெடுத்தீங்களா? எதுக்கு, நாகையா? என்னைக் கேவலப்படுத்தவா?

நாகையா: சேச்சே. கமிட்டியில இன்னும் பட்டம் வாங்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்ணே.